வெள்ளிக்கிழமை வைத்த கைநாட்டு

என் பேத்தி ரித்திகா கவுன்சிலர் தேர்தலில் நின்றிருந்தால் ஜெயித்திருப்பாளா என்று இன்றைக்கும் எங்கள் வீதியில் பேசிக்கொள்கிறார்கள். ஜெயித்திருப்பாளோ தோற்றிருப்பாளோ, எனக்குத் தெரியாது. அவளை நிற்கவிடாமல் செய்தது யார் என்பது மட்டும் தெரியும். அதைச் சொல்வதற்கு முன்னால், அவள் எப்படிப்பட்ட பிள்ளை என்று சொல்லிவிடுகிறேன்.

அவள் என் மகள் வயிற்றுப் பிள்ளை. மகளும் மருமகனும் கருமத்தம்பட்டியில் விசைத்தறி ஓட்டுகிறார்கள். ஓயாத தறிச் சத்தத்தில் பிள்ளைக்கு அடிக்கடி காது வலி வந்தது. "ஒரு வருசம் உங்ககூட இருக்கட்டுங்கம்மா" என்று ஆறு வயதில் கொண்டுவந்து விட்டார்கள். அந்த ஒரு வருசம் பதினாறு வருசம் ஆனது.

நாங்கள் இருப்பது குட்டைமேடு. கோயமுத்தூரிலிருந்து சூலூர் போகிற ரோட்டில், மாநகராட்சி எல்லை முடிவதற்குக் கொஞ்சம் முன்னால். எங்கள் மேல்வீதி நல்ல உயரம். கீழ்வீதிக்காரர்கள் குடம், அண்டா, டிரம் எல்லாம் நிரப்பி, வாசலும் கழுவி முடித்த பிறகுதான் எங்கள் குழாய் இருமவே தொடங்கும்.

எனக்கு முப்பத்தெட்டு வயதில் வீட்டுக்காரர் தவறிவிட்டார். அன்றிலிருந்து வெள்ளைச் சேலைதான். நல்ல காரியம் எதற்கும் முன்னால் போய் நிற்கமாட்டேன். யாரும் என்னைத் தடுத்ததில்லை. எனக்கு நானே போட்டுக்கொண்ட கட்டு அது. ரித்திகாவை முதல் நாள் பள்ளிக்கூடத்துக்குக்கூட நான் கூட்டிப் போகவில்லை. எதிர்வீட்டுக் கனகம்தான் கைபிடித்துப் போனாள். நான் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். பிள்ளை வாசலில் திரும்பி, "அம்மிச்சி எங்கீங்க?" என்று கேட்டது காதில் விழுந்தது. நான் வாயைத் திறக்கவில்லை.

அவள் பெரியவளாகி சீர் செய்தபோதும் அப்படித்தான். பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் புறப்பட்டபோதும் கதவுக்குப் பின்னால் போனேன். அவள் உள்ளே வந்து கையைப் பிடித்து இழுத்தாள்.

"தெனமும் காத்தால நா முழிக்கறது உங்க மூஞ்சிலதானுங்க. அதுல வராத கெடுதலு, இன்னைக்கு வாசல்ல பாத்தா வந்துருமாங்க?"

"வாய் பேசாத. நேரமாகுது, போ சாமி."

"வரமாட்டீங்க. உங்க புடிவாதத்துக்கு ஒரு மெடலு குடுக்கோணும்."

சிரித்துக்கொண்டேதான் போனாள். நானும் சிரித்தேன். வாசலுக்கு மட்டும் போகவில்லை.

அவளுக்குப் பதினாலு வயது இருக்கும்போது ஒரு வேலை ஆரம்பித்தாள். மூலைக்கடை வேலன் பொங்கலுக்குக் கொடுக்கும் மாதக் காலண்டர் எங்கள் சுவரில் தொங்கும். தண்ணீர் வந்த நாளில் நீல மையில் ஒரு சுழி, வராமல் ஏமாற்றிய நாளில் ஒரு கோடு. மேல்வீதிக்கு எத்தனை மணிக்கு, கீழ்வீதிக்கு எத்தனை மணிக்கு என்று பக்கத்தில் பொடியாக எழுதி வைப்பாள். மாதம் முடிந்தால் தாளைக் கிழித்துப் போடமாட்டாள். மடித்து என் டிரங்குப் பெட்டியில் வைப்பாள். இப்படி மூன்று வருசம்.

ஒருநாள் அந்தத் தாள்களை எல்லாம் எடுத்துக்கொண்டு, தண்ணீர் திறந்துவிடும் சென்னகிருஷ்ணனை வீதியிலேயே மடக்கினாள்.

"ஏனுங்கண்ணா, இதச் சித்தெ பாருங்க. கீழ வால்வை மொதல்ல தொறந்த அன்னைக்கெல்லாம் எங்களுக்குக் காத்துதான் வந்திருக்குது. நீங்க லீவுல போயி வேற ஆளு வந்து மேல மொதல்ல தொறந்தாருங்களே, அன்னைக்கு ரெண்டு வீதிக்கும் வந்திருக்குது."

அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏம்மணி, நா எப்ப லீவு போட்டேன்கிறதக்கூடவா எழுதி வெச்சிருக்கற? என்ற சம்சாரத்துக்கே தெரியாதே" என்றார். ஆனால் மறுவாரத்திலிருந்து மேல் வால்வை முதலில் திறந்தார். மேல்வீதியில் முப்பத்தாறு வீட்டிலும் குடம் நிரம்பியது. கனகம் அன்றைக்குப் பாயசம் வைத்தாள்.

அப்புறம் யாருக்கு மனு எழுத வேண்டும் என்றாலும் எங்கள் வீட்டுக்குத்தான் வருவார்கள். தெருவிளக்கு, சாக்கடை மூடி, முதியோர் பென்ஷன், எதுவாக இருந்தாலும் எழுதிக் கொடுப்பதோடு விடமாட்டாள். கூடவே ஆபீசுக்குப் போவாள். கல்லூரிக்குப் பஸ் ஏறுவதற்கு முன்னால் ஒரு ஆபீஸ், இறங்கின பிறகு ஒரு ஆபீஸ். "படிக்கிற புள்ளைக்கு இது எதுக்கு?" என்று மருமகன் கேட்டார். "படிக்கிறனால தானுங்கப்பா" என்றாள்.

அவளுக்கு இருபத்திரண்டு முடிந்த வருசம் நகரத் தேர்தல் அறிவித்தார்கள். எங்கள் வார்டு பெண்களுக்கு என்று ஒதுக்கியிருந்தது. வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னாள்.

"அம்மிச்சி, நா நிக்கப்போறேனுங்க. சுயேச்சையா. குழாய்ச் சின்னம் கேக்கப்போறேன்."

நான் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். முறம் நின்றுவிட்டது. அந்த முகத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. கல்யாணத்துக்கு நகை எடுக்கப் போகிற பெண்ணின் முகத்தில்கூட அவ்வளவு வெளிச்சம் இருக்காது.

எதிர்த்து நிற்பது பழைய கவுன்சிலரின் மருமகள் என்று தெரிந்தது. அந்தப் பெண்ணை யாரும் வீதியில் பார்த்ததில்லை. போஸ்டரில் மாமனார் பெரிதாகவும் அவள் ஸ்டாம்பு அளவுக்கும் இருந்தாள். ரித்திகா வீடு வீடாகப் போனாள். எங்கள் பக்கத்து ஜனத்தைப் பற்றித்தான் தெரியுமே. மூஞ்சிக்கு நேராக இல்லை என்று சொல்ல யாருக்கும் வராது. "உனக்கில்லாமயா அம்மணி", "நம்ம ஊட்டுப் புள்ளைக்குப் போடாம யாருக்குப் போடறது கண்ணு" என்று எல்லா வீட்டிலும் காப்பி கொடுத்தார்கள். அதில் எத்தனை காப்பி ஓட்டாகும் என்று அவளுக்கும் தெரியும். "பாதி நெசமா இருந்தாலும் போதுமுங்க" என்றாள்.

மனு கொடுக்க எட்டு நாள் இருந்தது. முதல் நாளே கொடுத்துவிட வேண்டும் என்று குதித்தாள். நான் விடவில்லை. தேய்பிறையில் ஆரம்பிக்கக் கூடாது, தை அமாவாசை கழியட்டும் என்றேன். அமாவாசை கழிந்தால் செவ்வாய்க்கிழமை, அது ஆகாது. புதன் பாட்டிமை, பிரதமைத் திதி, அதுவும் ஆகாது. வியாழன் மனசுக்குப் படவில்லை. "வெள்ளிக்கிழமை, வளர்பிறை, ஒம்போதே காலுக்கு மேல நல்ல நேரம். அன்னைக்குக் குடு" என்றேன்.

"அது கடைசி நாளுங்க அம்மிச்சி."

"கடைசி நாள்னா வாங்கமாட்டாங்களா?"

"வாங்குவாங்க."

"அப்பறம் என்ன?"

எனக்காக ஒத்துக்கொண்டாள்.

மனுவில் அவள் கையெழுத்து மட்டும் போதாதாம். இந்த வார்டில் ஓட்டு இருக்கிற ஒருத்தர், இந்தப் பெண் நிற்கட்டும் என்று முன்மொழிந்து கையெழுத்துப் போட வேண்டுமாம். அவள் அப்பா அம்மாவுக்கு ஓட்டு கருமத்தம்பட்டியில். கூடவே திரிகிற சிநேகிதி ஹர்ஷிணிக்குப் பெரியநாயக்கன்பாளையத்தில். அதனால் மூலைக்கடை வேலனைக் கேட்டிருந்தாள். "இதென்னம்மணி பெரிய காரியம், எந்தப் பக்கத்துல போடோணும்னு காட்டு" என்று சொல்லியிருந்தான்.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்குக் கடை பூட்டிக் கிடந்தது. போன் போட்டாள்.

"தப்பா நெனச்சுக்காத அம்மணி, ஒரு சாவுக்கு வந்துட்டேன். பொழுதோடதான் வருவேன்."

யாரோ அவனிடம் பேசிவிட்டார்கள். நான் அப்புறம் ஒருநாள் கடைக்குப் போய், "ஏப்பா வேலா, அன்னைக்குச் செத்தது யாருன்னு இன்னும் சொல்லலியே. நானும் ஒரு எட்டுப் போயித் துக்கம் கேக்கோணுமில்ல?" என்றேன். தலையைக் குனிந்துகொண்டு சர்க்கரை நிறுத்தான். ஆனால் வேலனைக் குற்றம் சொல்லி நான் தப்பித்துக்கொள்ள முடியாது.

ரித்திகா போனை வைத்தாள். "எதுத்த ஊட்டுக் கனகம் அத்தையக் கேட்டுப் பாக்கட்டுங்களா? அவங்க கையெழுத்துப் போடுவாங்க" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. பதினாறு வருசம் வளர்த்தவள் நான். முதல் நாள் பள்ளிக்கூடத்துக்கும் கனகம், இதற்கும் கனகமா?

"எதுக்கு ஊரைக் கெஞ்சறது? எனக்கு ஓட்டு இல்லியா? என்ற கைநாட்டு ஆகாதா?"

அவள் முகம் மலர்ந்தது. ஓடிவந்து என் தோளைக் கட்டிக்கொண்டாள். "ஆகுமுங்க! நீங்க வருவீங்கன்னு நா நெனைக்கவே இல்லீங்க. கைநாட்டுன்னா ஆபீசுல வந்து வெக்கோணும்னு படிச்ச ஞாபகம். இருங்க, குளிச்சுட்டு வந்தர்றேன். ஆட்டோவுல போயிரலாம்."

அவள் குளிக்கப் போனாள். ஒன்பதே கால் ஆகிவிட்டது. மனு மேசையில் இருந்தது. வீதிக்காரர்கள் மனுவில் கைநாட்டு வைப்பதற்காக ஹர்ஷிணி வாங்கி வைத்த ஸ்டாம்பு பேடும் பக்கத்தில் இருந்தது. பத்தரைக்கு ராகு காலம் பிறக்கிறது. ஆபீசுக்குப் போய், வரிசையில் நின்று, ராகு காலத்தில் ரேகை வைப்பதா? சாமி படத்துக்கு முன்னால் விளக்கேற்றினேன். முன்மொழிகிறவர் போடுகிற இடம் எது என்று அவள் நேற்றே வேலனுக்காகப் பென்சிலில் பெருக்கல் குறி போட்டு வைத்திருந்தாள். பெருவிரலை மையில் தோய்த்து, அங்கே அழுத்தி வைத்தேன். ஒரு வரிகூட அழியாமல் சுத்தமாக விழுந்தது. மனசு நிறைந்திருந்தது.

தலையைத் துவட்டிக்கொண்டு வந்தவள் பார்த்தாள். துண்டு கையிலேயே நின்றது.

"ஏனுங்க அம்மிச்சி, அதுக்குள்ள வெச்சுட்டீங்க?"

"நல்ல நேரத்துல வெச்சுப்போட்டேன். எங்க வெச்சா என்ன? என்ற விரலு மாறிப்போகுமா?"

"சரி விடுங்க. நீங்க கூட வந்து நின்னாப் போதும். கேட்டா இன்னொருக்கா வெச்சுக்கலாம்."

"நா வரல."

"அம்மிச்சி..."

"மொத மொத ஒரு பெரிய காரியத்துக்குப் போற. வெள்ளைச் சேலையக் கூட்டீட்டுப் போவாங்களா? கனகத்தச் சொம்புல தண்ணி கொண்டுட்டு எதுர வரச் சொல்றேன். நீ போயிட்டு வா."

அவள் எவ்வளவோ சொன்னாள். காலில்கூட விழுந்தாள். நான் அதை ஆசீர்வாதத்துக்கு விழுந்ததாக எடுத்துக்கொண்டு திருநீறு வைத்துவிட்டேன். ஹர்ஷிணியின் ஸ்கூட்டரில் ஏறிப் போனாள். கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தேன்.

பதினொன்றரைக்குப் போன் அடித்தது.

"அம்மிச்சி, இங்க ஒரே கூட்டமுங்க. பக்கத்துல நிக்கறவங்க சொல்றாங்க, கைநாட்டு வெச்சவங்க நேர்ல வரோணுமாம். ஹர்ஷிணிய அனுப்பட்டுங்களா? பின்னால உக்காந்துக்குங்க, மெதுவாத்தான் ஓட்டுவா."

"ராகு காலத்துல நா எங்கயும் வரல. அதெல்லாம் சும்மா மெரட்டுவாங்க. குடுத்துப்போட்டு வா."

"எனக்காகங்க அம்மிச்சி."

"உனக்காகத்தான் வரலீங்கறேன்" என்று வைத்துவிட்டேன்.

மறுபடி அடித்தது. எடுத்தால் மனசு இளகிவிடும் என்று எனக்குத் தெரியும். போனைக் கொண்டுபோய் அரிசி டப்பாவுக்குள் போட்டு மூடினேன். நான் சொல்லச் சொல்ல எழுதுகிற பிள்ளையிடம் இதையும் விடாமல் எழுதச் சொல்கிறேன். அரிசிக்குள் இருந்து அது அடித்துக்கொண்டே இருந்தது. நான் சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டேன். அப்புறம் நின்றுவிட்டது. சாயங்காலம் எடுத்தபோது கனகம் பார்த்துச் சொன்னாள், ஏழு முறை கூப்பிட்டிருக்கிறாள் என்று.

மூன்று மணி அடிக்கப்போகிற நேரத்தில்தான் அவள் முறை வந்ததாம். கூட்டத்தில் மனுவை வாங்கி, ரசீது கொடுத்து, நாளைக்குப் பரிசீலனைக்கு வரச் சொன்னார்களாம். "வாங்கீட்டாங்களல்ல? நாந்தான் சொன்னனே" என்றேன். "ஆமாங்க" என்றாள். அன்றைக்கு அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

சனிக்கிழமை காலையில் போனவள் பதினொரு மணிக்குக் கனகத்துக்குப் போன் செய்தாள். எனக்கு இல்லை, கனகத்துக்கு. கனகம் வாசலைத் தாண்டி ஓடிவந்தாள்.

"அத்தை, கைநாட்டு செல்லாதுங்கறாங்களாம். ஆபீசருக்கு முன்னால வெச்சு, அவரு பாத்ததுக்குக் கையெழுத்துப் போடோணுமாம். இவ மனுவத் தள்ளப்போறாங்களாம்."

சேலை மாற்றவில்லை, தலை சீவவில்லை. கனகத்தின் கையைப் பிடித்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினேன். நாற்பது வருசத்தில் முதல் தடவையாக ஒரு காரியத்துக்கு முன்வாசல் வழியாகப் போனேன். ஆபீஸ் அறையில் எதிர்க்கட்சி, ஆளுங்கட்சி என்று வெள்ளை வேட்டிகள் நிறைய. நேராக மேசைக்குப் போய்ப் பெருவிரலை நீட்டினேன்.

"இந்தாங்க சாமி. இதுதானுங்க அந்த விரலு. இப்ப வெக்கறேன், பாத்துக்குங்க. ரெண்டும் ஒண்ணான்னு பாருங்க."

அதிகாரி சின்ன வயசுக்காரர்தான். எழுந்து நின்றார். தன் நாற்காலியை இழுத்து என்னை உட்காரச் சொன்னார்.

"ஆத்தா, உங்க விரல்தான்னு எனக்குத் தெரியுதுங்க. ஆனா நேத்து மூணு மணிக்குள்ள, எங்க முன்னால வெச்சிருக்கோணும். நேரம் முடிஞ்சு போச்சுங்க. ரூல்ஸ் அப்படி. என்னால ஒண்ணும் பண்ண முடியாதுங்க."

"தப்பு என்னோடதுங்க. அந்தப் புள்ள கூப்புட்டா, ஏழு தடவ கூப்புட்டா. நாந்தான் வரல. என்னைத் தள்ளுங்க, அவளத் தள்ளாதீங்க."

அறையில் யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூட நான் நாலு வார்த்தை கேட்டிருப்பேன். பழைய கவுன்சிலர்தான் ரொம்பப் பணிவாக வந்தார். "விடுங்காத்தா. நல்ல புள்ளைங்க அது. அடுத்த தடவ பாத்துக்கலாமுங்க" என்றார்.

மனுவில் குறுக்காக எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். ரித்திகா அழவில்லை. என் பெருவிரலை நீட்டினபடியே உட்கார்ந்திருந்தேன் போலிருக்கிறது. அவள் வந்து அதை மடக்கி உள்ளங்கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"காத்தால சாப்டீங்களா அம்மிச்சி?"

அவ்வளவுதான் கேட்டாள். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

ஆட்டோவில் வரும்போது கனகம்தான் புலம்பினாள். "எதுத்த ஊட்டுல குத்துக்கல்லாட்ட இருந்தனே. ஒரு வார்த்த சொல்லியிருந்தா ஓடியாந்து கையெழுத்துப் போட்டிருப்பனே" என்றாள். நானும் ரித்திகாவும் ஆளுக்கொரு பக்கம் ரோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தோம்.

ஓட்டுப் போடுகிற நாளில் என்னைக் கைத்தாங்கலாக அவள்தான் கூட்டிப் போனாள். வாக்குச்சாவடியில் நோட்டை நீட்டி, ஸ்டாம்பு பேடைக் காட்டினார்கள். பெருவிரலை வைத்தேன். அந்த அதிகாரி பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு வைத்த ரேகை செல்லுபடி ஆனது. மிஷினில் குழாய்ச் சின்னம் இல்லை. எதை அமுக்கினேன் என்று எனக்கே நினைவில்லை.

அந்த வருசம் ஆடியில் ஓசூரில் வேலை கிடைத்தது என்று போனாள். நல்ல கம்பெனிதான். போகிறபோது வாசலில் வந்து நின்றேன், நட்டநடு வாசலில். எதிரே நின்று கையசைத்தேன். அவள் பார்த்தாள். "பத்திரமா இருங்க" என்றாள். ஓட்டையும் ஓசூருக்கு மாற்றிக்கொண்டாளாம், ஆதாரில் விலாசம் மாற்றினபோது இதையும் மாற்ற வேண்டியிருந்ததாம். வீதியில் யாராவது மனு எழுதக் கேட்டு வந்தால் நான் போன் போட்டுத் தருவேன். "இப்ப அதெல்லாம் ஆன்லைன்ல குடுக்கறாங்கம்மா, கம்ப்யூட்டர் கடையில கேளுங்க" என்று மரியாதையாகச் சொல்லிவிடுவாள்.

சென்னகிருஷ்ணன் ரிட்டயர்டு ஆகிவிட்டார். புதிதாக வந்தவர் கீழ் வால்வைத்தான் முதலில் திறக்கிறார். சொன்னால் தலையாட்டுகிறார். சுவரில் வேலன் கொடுத்த காலண்டர் தொங்குகிறது. எழுத எனக்குத் தெரியாது. மேசையில் அந்த ஸ்டாம்பு பேடு கிடந்தது. ரெண்டு சொட்டுத் தண்ணீர் விட்டால் மை இன்னும் வருகிறது. தண்ணீர் வந்த நாளில் அந்தக் கட்டத்தில் பெருவிரலை வைக்கிறேன். வராத நாளைச் சும்மா விட்டுவிடுகிறேன். மாதம் முடிந்ததும் மடித்து டிரங்குப் பெட்டியில் வைக்கிறேன்.

இந்தப் பொங்கலுக்கு வந்திருந்தாள். ரெண்டு நாள். புறப்படுகிற அன்றைக்குப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சுவருக்கு முன்னால் நின்றுவிட்டாள். காலண்டரைப் பார்த்தாள். ஒவ்வொரு ரேகையாக விரலை வைத்து எண்ணினாள்.

"எட்டு நாளைக்கு ஒருக்கா ஆயிப்போச்சுங்களா?" என்றாள்.

"ஆமா கண்ணு. சில சமயம் பத்து."

"மேல்வால்வை மொதல்ல தொறக்கச் சொல்லோணும்."

"சொன்னேன். நா சொன்னா யாரு கேக்கறாங்க?"

அவள் இன்னும் கொஞ்ச நேரம் காலண்டரையே பார்த்தாள். கை பேனாவைத் தேடுகிற மாதிரி பைக்குப் போனது. பஸ் டிக்கெட்டை எடுத்து மணி பார்த்தாள்.

"நேரமாச்சுங்க அம்மிச்சி, போயிட்டு வாரேனுங்க" என்றாள்.

நான் அவளுக்கு முன்னால் நடந்து போய் வாசலில் நின்றேன்.